மைக்ரோகார்பா போன்சாயில் கொழுந்து இலை எல்லாம் மடிகிறது, உதவி தேவை

மொட்டைமாடி: வணக்கம். ஃபைகஸ் மைக்ரோகார்பா (ஆல், அத்தி இனத்து மரம்), ஒரு முழம் உயரம், மதுரையில் மாடியில் காலை வெயில் படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன். ஆடியில் தொட்டி மாற்றியபோது வேரில் மூன்றில் ஒரு பங்கு வெட்டினேன். துளிர் நன்றாகத்தான் வந்தது, ஆனால் வருகிற கொழுந்து எல்லாம் நடுநரம்பை ஒட்டி இரண்டாக மடிந்து மூடிக்கொள்கிறது, அதில் செம்புள்ளி வேறு. முற்றின இலைக்கு ஒன்றுமில்லை. நர்சரியில் கேட்டால் தண்ணீர் பத்தவில்லை என்கிறார்கள், கூடுதலாக ஊற்றியும் அப்படியேதான் இருக்கிறது. வேர் வெட்டியதால் வந்ததா?

செம்மண்: தண்ணீர் அதிகமாகியிருக்கும். ஈர்க்குச்சியை மண்ணில் சொருகிப் பத்து நிமிஷம் கழித்து எடுத்துப் பாருங்கள், நனைந்திருந்தால் ஊற்றாதீர்கள்.

கல்லிச்சி: குச்சி சோதனை சரிதான், ஆனால் இது தண்ணீர் விஷயம் மாதிரி தெரியவில்லை. தண்ணீர் கூடிப்போனால் முற்றின இலைதான் பெரும்பாலும் முதலில் மஞ்சளாகி உதிரும், இங்கே கொழுந்து மட்டும்தானே மடிகிறது. மடிந்த இலை ஒன்றை வெள்ளைத் தாளின் மேல் வைத்து மெதுவாக விரித்துப் பாருங்க, உள்ளே என்ன இருக்கிறது?

மொட்டைமாடி: ஐயோ! எள்ளு நீளத்தில், அதைவிட ஒல்லியாக, கறுப்பாக நாலைந்து பூச்சி, வாலைத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றன. கூடவே வெளிர் மஞ்சளில் குஞ்சுகள், வெள்ளையாக முட்டை.

கல்லிச்சி: அதேதான், இலைப்பேன். ஃபைகஸுக்கென்றே இருக்கிற வகை. கொழுந்தில் சாறு உறிஞ்சும், அதனால் இலை மடியும், அந்த மடிப்புக்குள்ளேயே முட்டை வைத்துப் பெருகும். மேலே என்ன தெளித்தாலும் உள்ளே போகாது, மடிந்த இலை திரும்ப விரியவும் விரியாது. அதனால் முதல் வேலை மடிந்ததை எல்லாம் கிள்ளி உடனே கவரில் போட்டுக் கட்டுவது. உரக்குழியில் போட்டுவிடாதீர்கள். கிள்ளும்போது பால் வடியும், கையுறை போடுங்க. அப்புறம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கமும் நனைய அடியுங்க. வாரம் ஒருமுறை, புதுத்துளிர் மடியாமல் வரும்வரை.

செம்மண்: சரி, பேன் என்றால் மொத்த இலையையும் உருவிவிடுவது நல்லதல்லவா? ஃபைகஸ் தாங்குமே.

கல்லிச்சி: திடமான மரம் தாங்கும். இது ஆடியில்தான் வேர் இழந்த மரம், முற்றின இலைதான் இப்போது அதற்குச் சோறு போடுகிறது, அதில் கை வைக்க வேண்டாம். நர்சரிக்காரர் இலையைத் தொட்டுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும், தண்ணீர் என்று சொல்வது அவர்களுக்குச் சுலபம்.

மொட்டைமாடி: கிள்ளி முடித்து, சாயங்காலம் தெளித்தும் விட்டேன். திரும்ப வந்தால் இமிடாகுளோப்ரிட் என்கிற ரசாயனப் பூச்சிமருந்து அடிக்கலாமா? கிளையை வளைக்க அலுமினியக் கம்பி வேறு சுற்றியிருக்கிறேன், அதைக் கழற்றணுமா?

கல்லிச்சி: வேப்பெண்ணெய்க்கு மசியாவிட்டால் மட்டும். டப்பாவில் 17.8 எஸ்எல் (17.8 சதவீதத் திரவ மருந்து) என்றிருந்தால் லிட்டருக்கு 0.3 மில்லி போதும், முகக்கவசத்தோடு. கம்பி பட்டையில் பதியாதவரை இருக்கட்டும். யூரியா மாதிரி தழைச்சத்து இப்போதைக்கு நிறுத்துங்க, கொழுந்து அதிகமானால் பேனுக்குத்தான் விருந்து. தெருவில் வேலியாக ஃபைகஸ் வெட்டி வளர்த்திருந்தால் அதையும் பாருங்க, அங்கே மடிந்த இலை இருந்தால் பேன் அங்கிருந்துதான் வருகிறது, தொட்டியை மாடியின் மறுபக்கம் மாற்றி வையுங்க.