"எப்பொழுதும் மகிழ்ச்சியாக இருங்கள்": துக்க காலத்தில் இந்த வசனம் உங்களுக்கு எப்படி வந்தது?

தூத்தூர் வட்டாரம், குமரி மாவட்டம்

கிறிஸ்துமசுக்கு முந்தின வாரங்களான திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறை மகிழ்ச்சி ஞாயிறு என்பார்கள். ஊதா மெழுகுதிரிகளோடு அன்றைக்கு இளஞ்சிவப்பு மெழுகுதிரி ஒன்றும் எரியும். 2017இல் அது டிசம்பர் 17 அன்று வந்தது. ஒக்கி புயல் அடித்தது நவம்பர் 30.

எங்கள் பக்கத்து ஆண்கள் ஆழ்கடல் தொழில் செய்கிறவர்கள். சுறாவையும் சூரையையும் தேடி லட்சத்தீவைத் தாண்டி, குஜராத் பக்கம் வரைக்கும் போய் வாரக்கணக்கில் கடலிலேயே கிடப்பார்கள். புயல் எச்சரிக்கை வந்தபோது அவர்களில் பலர் கரையில் இல்லை. சில படகுகள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் ஒதுங்கின என்று செய்தி வரும். உடனே ஊரே ஓடும், பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்து, "எங்கள் ஆட்களைத் தேடுங்கள்" என்று கேட்டோம். இதெல்லாம் உங்களில் பலருக்கும் நினைவிருக்கும்.

அந்த ஞாயிறு இரண்டாம் வாசகம் வாசிக்கும் முறை என்னுடையது. திருச்சபையின் வாசக ஒழுங்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருவது. எங்கள் ஊரை நினைத்து யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. பவுல் தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகம், ஐந்தாம் அதிகாரம், பதினாறாம் வசனம்: "எப்பொழுதும் மகிழ்ச்சியாக இருங்கள்." முன்வரிசைகளில் கணவன் வராதவர்கள், மகன் வராதவர்கள். நான் வாசித்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அக்கா பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். மேசைமேல் அவர் கணவருடைய பழைய போன் சார்ஜில் கிடந்தது. அவர் கடலுக்குக் கொண்டுபோன நம்பருக்கு அந்த அக்கா விடாமல் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தார். வேலிடிட்டி முடிந்து, அவர் கூப்பிடுகிற நேரத்தில் கூப்பிட முடியாமல் போய்விடக்கூடாது இல்லையா? என்ன சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவரே கேட்டார்: "டீச்சரே, காலையில வாசிச்சது எங்க இருக்கு? முதல்ல இருந்து வாசிங்க."

அது சின்னக் கடிதம்தான், ஐந்தே அதிகாரம். முதலிலிருந்து வாசித்தேன். நாலாம் அதிகாரத்தில் நிறுத்தச் சொன்னார். தெசலோனிக்க சபையிலும் சாவு விழுந்திருக்கிறது; இறந்தவர்களை நினைத்து அவர்கள் கலங்கிப்போயிருக்கிறார்கள். பவுல் அவர்களுக்கு எழுதும்போது எதிர்நோக்கு இல்லாதவர்களைப்போலத் துயரப்படாதீர்கள் என்கிறார். துயரமே படாதீர்கள் என்று எழுதவில்லை. "அப்போ அழலாம்," என்றார் அக்கா. கேள்வியா, முடிவா என்று இன்னும் எனக்குத் தெரியாது. அதன்பிறகு நெடுநேரம் அழுதார், நானும் அழுதேன். காலையில் நான் வாசித்த வரியைத் துக்கத்தில் இருக்கிறவர்களுக்கே பவுல் எழுதினார் என்பது, பல வருடம் வாசகம் வாசித்தும், அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

எங்கள் அன்பியத்தில், அதாவது பக்கத்து வீட்டார் சேர்ந்து செபிக்கிற குழுவில், அப்போது ஒரு பெரிய சங்கடம் இருந்தது. மன்றாட்டில் திரும்பி வராதவர்களை எப்படிச் சொல்வது? "இறந்தோருக்காக" என்றால் அந்த வீட்டுப் பெண்கள் துடித்துப்போவார்கள். சொல்லாமலும் இருக்க முடியாது. கடைசியில் "கடலிலிருந்து இன்னும் வீடு திரும்பாதவர்களுக்காக" என்று சொல்ல ஆரம்பித்தோம். உடல் கிடைக்காத வீட்டில் அடக்கம் இல்லை, கல்லறை இல்லை. காணாமல் போனவரை இறந்தவராகச் சட்டம் ஏற்கப் பொதுவாக 7 ஆண்டு ஆகும் என்று வேறு சொன்னார்கள். நிவாரணத்துக்காக அரசு பிறகு அதைத் தளர்த்தியது. ஆனால் மனைவியின் மனசு எந்த உத்தரவுக்கும் தளர்வதில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். கிறிஸ்துமசுக்குச் சில நாள் முன்பு, அந்த அக்கா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிற ஒருவர் உயிரோடு வந்து சேர்ந்தார். தோலெல்லாம் உப்பில் வெந்து, குரல் போய், எலும்பும் தோலுமாக. எல்லாரும் அக்காவை நினைத்துப் பயந்தோம். அவர் காதில் விழாமல் மெதுவாகப் பேசிக்கொண்டோம். ஆனால் அந்த வீட்டு வாசலில் முதல் ஆளாக நின்றது அவர்தான். வந்தவருடைய மனைவியைக் கட்டிப்பிடித்து, "ஆண்டவருக்கு நன்றி சொல்லுடி" என்றார். முகத்தில் நடிப்பில்லை. அப்புறம் என்னிடம் சொன்னார்: "வயிறு எரியும்னு பயந்துதான் போனேன் டீச்சரே. எரியல. சந்தோஷமாத்தான் இருந்துது. அது எங்கேருந்து வந்துதுன்னு எனக்குத் தெரியல."

எனக்குத் தெரியும். மனுஷ பலத்தால் வருகிற சந்தோஷம் இல்லை அது. தன் வீட்டு விளக்கு அணைந்த நேரத்தில் பக்கத்து வீட்டு விளக்கைப் பார்த்து மகிழ்வதற்குத் தூய ஆவி கொடுத்தால்தான் உண்டு.

அந்த வருடம் எங்கள் பக்கத்தில் பல ஊர்களில் நட்சத்திரம் தொங்கவிடவில்லை. பிள்ளைகள் மட்டும் குடில் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். சரி, வையுங்கள் என்றோம். அக்காவின் மகன் கடற்கரையிலிருந்து மண் அள்ளிக்கொண்டு வந்து கொட்டினான்.

அவர் கணவர் வரவில்லை. போனை எப்போது எடுத்து வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

பாளையங்கோட்டை

டீச்சர் எழுதியதைப் படித்ததும் நானும் எழுதத் துணிந்தேன். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் அப்பா போனார். ஆஸ்பத்திரிக்குள் எங்களை விடவில்லை. கல்லறைத் தோட்டத்தில் நாங்கள் நாலைந்து பேர், பாதுகாப்பு உடைக்குள். பாட்டுக்கூட இல்லை. அப்பா நாற்பது வருடத்துக்கு மேல் பாடகர் குழுவில் இருந்தவர்.

அடுத்த நாளிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. "பரலோகத்தில் சந்தோஷமா இருக்கார், நீங்க அழக்கூடாது." "தேவ சித்தம், ஸ்தோத்திரம் சொல்லுங்க." அன்போடுதான் சொன்னார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு போனுக்குப் பிறகும் அம்மா இன்னும் இறுகிப்போனார்கள்.

ஓய்வுபெற்ற குருவானவர் ஒருவர் (எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம்) வேறு மாதிரி செய்தார். ஸ்பீக்கரில் போடச் சொல்லி 88ஆம் சங்கீதம் வாசித்தார். கேட்டிருப்பீர்கள், கடைசி வரை ஓர் ஆறுதல் வார்த்தை வராது. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடிந்துவிடும். ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் நின்ற நிலை அதேதான். முடித்துவிட்டு ஐயர் சொன்னார்: "இதுவும் வேதத்துலதான் இருக்கு அம்மா. ஆனா முதல் வசனத்துல யாரைக் கூப்பிடுறான்னு பாருங்க." என் இரட்சிப்பின் தேவனே என்றுதான் அது தொடங்குகிறது. அம்மா அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதார்கள். அன்று ராத்திரி சாப்பிட்டார்கள்.

மறுபடி சந்தோஷம் என்று ஒன்றை நான் உணர்ந்தது, கட்டுப்பாடுகள் எல்லாம் போன பிறகு எங்கள் சபையில் நடந்த அசனத்தில், அதாவது சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற விருந்தில். அப்பா வருஷாவருஷம் சாம்பார் வாளியோடு பந்தி விசாரிப்பவர். அந்த முறை வாளியை என் கையில் கொடுத்துவிட்டார்கள். வரிசையில் உட்கார்ந்த ஒரு தாத்தா இலையை நகர்த்திக்கொண்டே, "உங்கப்பா மாதிரியே அடியில கலக்கி ஊத்துறியேடே" என்றார். சிரித்துவிட்டேன். கண்ணில் தண்ணீரும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரலாம் என்று அதுவரை நான் நம்பியதில்லை.

கொழும்பு

நான் கொட்டாஞ்சேனை. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது எல்லோருக்கும் தெரியும், அதை விவரிக்க எனக்கு மனமில்லை. நீர்கொழும்பில் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பில் சீயோன் தேவாலயத்திலும் அதே காலையில்தான் வெடித்தது. சீயோனில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் எத்தனை பேர். அடுத்த ஞாயிறு நாடு முழுக்கக் கத்தோலிக்கக் கோயில்களில் பூசை இல்லை. கர்தினால் தன் இல்லத்தில் ஒப்புக்கொடுத்த பூசையைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். வரவேற்பறையில் முழந்தாளில் இருந்து பார்த்தோம்.

கடற்படையினர் திருத்தி முடித்து, ஜூன் 12 அன்று கோயில் மறுபடி திறந்தது. அடுத்த நாள் அந்தோனியார் திருநாள். எனக்கு உள்ளே போகப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை. பையைச் சோதிக்கிற இடத்தில் வரிசையில் நிற்கும்போது முன்னால் நின்ற அம்மா திரும்பிப் பார்த்தார். நெற்றியில் திருநீறு. செவ்வாய்க்கிழமைகளில் வழக்கமாகக் காண்கிற ஆள்தான், பெயர் தெரியாது. கொச்சிக்கடைக்கு எல்லாச் சமயத்து ஆக்களும் வருவார்கள், அது புதிதில்லை. அவர் என் கையைப் பிடித்து, "பயப்படாதீங்கோ பிள்ளை, வாங்கோ, சேர்ந்தே போவம்" என்றார். எங்கள் கோயிலுக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போனது அவர்தான். மெழுகுதிரி கொளுத்தும் இடத்தில் தன்னுடைய மெழுகுதிரிக் கட்டிலிருந்து பாதியை எனக்குத் தந்தார்.

உயிர்த்த ஆண்டவர் பூட்டிய கதவுக்குள் வந்து "உங்களுக்கு அமைதி உரித்தாகுக" என்று சொன்ன பகுதி ஒவ்வொரு வருடமும் உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு வாசிக்கப்படும். சீடர்களும் அப்போது பயந்துதான் இருந்தார்கள். கதவைத் திறந்து வையுங்கள், பிறகு வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை, பூட்டியிருக்கும்போதே உள்ளே வந்தார். அந்தப் பகுதியை இப்போது கேட்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்குகிறது. முன்பு அப்படி இருந்ததில்லை.

தூத்தூர் டீச்சர், அந்த அக்காவுக்காக வருகிற செவ்வாய் ஒரு மெழுகுதிரி ஏற்றுகிறேன். அவர் கணவருடைய திருமுழுக்குப் பெயரை மட்டும் எனக்குத் தனியாக அனுப்புங்கள், பூசைக் கருத்தில் சேர்க்கக் கொடுக்கிறேன்.