தெனுகுயி துணியை எப்படித் துவைக்கிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே. ஜப்பான்ல வேலை பார்க்கும் தோழி 3 தெனுகுயி (ஜப்பானியக் கைத்துண்டு) கொண்டுவந்து கொடுத்தாள். ஏறத்தாழ 35 செ.மீ. அகலம், 90 செ.மீ. நீளம், மெல்லிய பருத்தி. ஒன்றில் ஆறு முனை நட்சத்திரம் போல அசானோஹா, அதாவது சணல் இலை. இன்னொன்றில் அடுக்கடுக்காய் அலைகள், செய்காய்ஹா.

மூன்றாவதுதான் என்னை மயக்கிவிட்டது. ஓர் அரிவாள், ஒரு வளையம், பக்கத்தில் 'நு' என்ற ஜப்பானிய எழுத்து. அரிவாள் 'காமா', வளையம் 'வா'. சேர்த்துப் படித்தால் 'காமாவானு', 'எனக்கென்ன கவலை' என்று பொருளாம்! எடோ காலத்தில் (17-19ஆம் நூற்றாண்டு) கபுகி என்ற ஜப்பானிய மரபு நாடகத்தின் நடிகர் ஏழாம் இச்சிகாவா தஞ்சூரோவால் பிரபலமான விடுகதை டிசைன். அந்தக் காலத்து மீம் என்றே சொல்லலாம்.

மூன்றும் சூசென் முறையில் சாயமிட்டவை. துணியை மடித்து அடுக்கி, சாயம் ஊற்றி, அடியிலிருந்து உறிஞ்சி இழுப்பார்கள். அதனால் இரண்டு பக்கமும் ஒரே நிறம்.

இப்போ என் பிரச்சினை. நீல அலைத் துணியைத் தண்ணீரில் நனைத்ததும் சாயம் இறங்கியது. வெட்டிய ஓரத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள், நூல் வேறு பிரிகிறது. சீக்கிரம் காயத்தான் ஓரம் அடிப்பதில்லை என்கிறாள் தோழி. எனக்கோ தையல் மெஷினைப் பார்த்தால் கை துறுதுறுக்கிறது.

பயன்படுத்துபவர்கள் சொல்லுங்கள்: பிரியும் நூலை வெட்டிவிட்டால் தானாக நின்றுவிடுமா? எத்தனை அலசலுக்குப் பிறகு சாயம் நிற்கும்? காமாவானுவைச் சட்டமிட்டு மாட்டலாம் என்றிருக்கிறேன். வெயில் படும் சுவர்தான் காலியாக இருக்கிறது, நிறம் மங்கிவிடுமா?