மறு: மறு: அகாப்பேக்குத் தமிழ் என்ன? (வியாழனுக்குள் வேண்டும்)

அன்பர்களுக்கு வணக்கம். பகைவரை நேசிப்பதைப் பற்றி மார்ட்டின் லூதர் கிங் 1957 நவம்பரில் மாண்ட்கோமரியில் ஆற்றிய பிரசங்கத்தை வகுப்புக்காகத் தமிழாக்குகிறேன். அன்பைக் கிரேக்கச் சொற்களால் ஈராஸ், ஃபிலியா, அகாப்பே என்று அவர் பிரிக்கும் இடத்தில் மாட்டிக்கொண்டேன். முதலிரண்டும் காதல், நட்பு, சரி. அகாப்பே, கைம்மாறு கருதாமல் எல்லார் மேலும் வைக்கும் நல்லெண்ணம்; அதற்கு 'அன்பு' என்று போட்டால், "வீட்டில் குண்டு போட்டவனை எப்படிங்க பிடிக்கும்?" என்கிறார்கள் பிள்ளைகள். 1956இல் அவர் வீட்டில் போட்டார்களே! பிடிக்க வேண்டும் என்று இயேசு சொல்லவில்லை என்றுதான் கிங்கும் சொல்கிறார்.
– தே.

ஐயா, சொல் கைவசமே இருக்கிறது: அருள். தொடர்பு பற்றாது எல்லா உயிர்கள் மேலும் செல்லும் கருணை என்பார் பரிமேலழகர். 'அருளென்னும் அன்பீன் குழவி'யும் (குறள் 757) நினைவிருக்கட்டும்.
– புலவர்

புலவரே, கத்தோலிக்கரிடம் அருளுக்கு ஏற்கெனவே வேறு வேலை, கடவுள் தரும் கொடை: 'அருள் நிறைந்த மரியே'. சீர்திருத்த சபையார் அதையே கிருபை என்பார்கள். வகுப்பில் இரு தரப்பும் உண்டு. பழைய பைபிள் பெயர்ப்பு 'சத்துருக்களைச் சிநேகியுங்கள்' என்கிறது (மத்தேயு 5:44). சிநேகமோ ஃபிலியா ஆயிற்றே!
– ஜெ.

பகைவனை முதலில் பார்ப்போம். பகு என்பதே வேர். பகுந்து போனவன் பகைவன். பகல், பங்கு, பக்கம் எல்லாம் அதே குடும்பம். பக்கத்து வீட்டுக்காரனும் பகைவனும் ஒரே வேர் என்றால் பிறனிலும் பகைவனிலும் அன்பு...
– மா.

பக்கம், பக்ஷத்திலிருந்து வந்தது. போன மாதமும் இதைச் சொன்னேன்.
– ஜெ.

அதற்கு நான் எழுதிய பதிலையும் படித்திருக்கலாம்.
– மா.

'நன்னயம்' என்று போட்டால் என்ன? 'இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயஞ் செய்து விடல்' (314). உணர்ச்சி இல்லை, செயல். பிடிக்காதவனுக்கும் செய்யலாம்.
– செ.

'அவர்நாண' இடிக்கிறதே அம்மா. ஒறுக்கும் வழியாகச் சொன்னதல்லவா இது? கிங் கேட்பது எதிராளி வெட்கப்படுவதை அல்ல, நண்பனாவதை.
– தே.

ரோமர் 12:20 மட்டும் என்னவாம்? பசித்த சத்துருவுக்குச் சோறு போட்டால் அவன் தலையில் தழலைக் குவிப்பாய் என்கிறார் பவுல். அதோடு, செய்ததையும் செய்யப்பட்டதையும் மறந்துவிடு என்றுதான் 'விடல்' என்பதற்குப் பரிமேலழகர் பொருள் சொல்கிறார்.
– செ.

நேரமில்லை. புதிய பெயர்ப்பான திருவிவிலியத்தில் 'பகைவரிடமும் அன்பு கூருங்கள்' என்று இருக்கிறது. 'அன்புகூர்தல்' என்றே போடுகிறேன்; வினையாகவாவது இருக்கட்டும். ஜெ.யும் மா.வும் ஒப்பினார்கள், வேறு எதற்காக இல்லாவிட்டாலும்.
– தே.

கூர்தல் என்றால் மிகுதல். மிகுவதற்கு முதலில் அன்பு இருக்க வேண்டுமே! சொற்பட்டியலில் ஏற்றும்போது என் மறுப்பையும் குறிக்கவும்.
– புலவர்