'தண்டுவட மரப்பு நோய்': மாற்றுச்சொல் தேவை

நண்பர்களுக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டையில் இருக்கும் என் அண்ணிக்கு மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ். இதைத்தான் தமிழில் 'தண்டுவட மரப்பு நோய்' என்று எழுதுகிறோம். போன வாரம் தலைவலியோடு படுத்திருந்தவர், நான் கொடுத்த தமிழ்க் குறிப்பைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தண்டுவடம்னு போட்டிருக்கே தம்பி, எனக்கு மண்டையில இல்ல இடிக்குது?"

நியாயமான கேள்வி. இந்த நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைத் தாக்குகிறது. தண்டுவடத்தில் மட்டுமல்ல, மூளையிலும் கண் நரம்பிலும்தான். கண் நரம்பு அழன்றால் கண்ணை உருட்டினாலே வலிக்கும். இந்நோய் உள்ளவர்களிடம் ஒற்றைத் தலைவலி அதிகம் இருப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். சிலருக்கு இந்நோய்க்கான இன்டர்ஃபெரான் பீட்டா ஊசி போட்டாலே தலை வலிக்கும். (தலைவலி வந்தாலே இந்த நோய்தான் என்று யாரும் பயந்துவிட வேண்டாம்.)

'மரப்பு' இன்னும் சிக்கல். மரம்போல் இறுகுவதை நினைத்து வைத்த சொல்லாக இருக்கலாம். காதில் விழுவதோ கால் மரத்துப்போவது. அதுவும் இந்நோயின் அறிகுறி என்பதால் குழப்பம் இரட்டிப்பு.

1868-இல் பாரிஸில் மருத்துவர் ஷார்கோ இந்நோயை விவரித்தபோது சொன்ன பிரெஞ்சுப் பெயரில் தண்டுவடமே கிடையாது. ஸ்க்லெரோஸ் ஆன் பிளாக்: திட்டுத்திட்டாக இறுகியது, அவ்வளவுதான்.

குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்: "'பன்முகக் காழ்ப்பு' எனலாமே? காழ் என்றால் மரத்தின் வயிரம்."

சரிதான் ஐயா. ஆனால் ராயபுரத்தில் போய் "உங்களுக்குக் காழ்ப்பு" என்றால், "யார்மேல?" என்பார்கள். பல தழும்புகள் என்ற பொருளில் 'பல்தழும்பு' என்றால் நேரே பல் டாக்டர்தான்.

காசிமேட்டில் வலை இழுத்து இழுத்துக் கை காய்ப்புக் காய்த்துப்போவதை வைத்து 'நரம்புக் காய்ப்பு' என்று எழுதிப் பார்த்தேன், ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் காய்ப்பு உரசி உரசி வருவது. இங்கே நடப்பது அழற்சி, அது ஆறிய இடத்தில் தழும்பு. ஆகவே தழும்பை விட முடியாது.

'திட்டுத்தழும்பு நோய்' என்று அண்ணியிடம் சொன்னேன். "தேமல் மாதிரி இருக்கே" என்றார். அப்புறம் 'நரம்புத் திட்டுத்தழும்பு நோய்' என்றதும் தலையாட்டினார். கொஞ்சம் நீளம்தான். 'நரம்பு' என்றால் கைகால் நரம்பும் அடங்குமே என்று மருத்துவர்கள் கேட்டால், விரிவாக எழுதும் இடங்களில் 'மூளை, தண்டுவடத் திட்டுத்தழும்பு' எனலாம். குழுவின் கருத்து என்ன?

இன்னொன்று. அண்ணிக்கு வரும் 'ஒற்றை'த் தலைவலி இரண்டு பக்கமும் இடிக்கிறது. அதன் ஆங்கிலப் பெயரான மைக்ரேனின் கிரேக்க மூலமும் 'பாதி மண்டை' என்பதால் பழியை நம் சொல்மேல் மட்டும் போட முடியாது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.