ரேஸ் பைக்கைப் பிக்கப்பில் ஏற்றிப்போக பேட்ஜ் வேணுமா?

கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை பக்கத்துல இருக்கிற இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு இரண்டு பைக் கொண்டுபோகணும். வண்டி நண்பரோட மஞ்சள் போர்டு பிக்கப். என் லைசென்ஸ்ல எல்எம்வி (இலகுரக வண்டி) மட்டும்தான், வணிக வண்டி ஓட்டத் தர்ற பேட்ஜ் இல்ல. ஓட்டலாமா? பிறகு டிரெய்லர் வாங்கவும் யோசனை.

பதில் 1:
ஓட்டலாம் தம்பி. 2024 நவம்பர் 6-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தெளிவாச் சொல்லிடுச்சு: சுமையோடு சேர்த்த மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தா எல்எம்வி போதும், தனி பேட்ஜ் வேண்டாம். ஆனா ஓட்டுறவருக்கான லைசென்ஸ் வேற, வண்டிக்கான பெர்மிட் வேற. இதைத்தான் பலர் குழப்பிக்கிறாங்க. ஆர்சியில் மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டினா பெர்மிட் கட்டாயம். இல்லாம மாட்டினா 10,000 ரூபாய் அபராதம். எஃப்சி (வண்டியோட தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் தேதியையும் கிளம்பும் முன்னாடியே பாருங்க.

பதில் 2:
டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேணும். பட்டறையில் வெல்டு பண்ணி அப்படியே இழுத்துட்டுப் போகாதீங்க. இன்சூரன்ஸ்லயும் அதைச் சேர்க்கணும். ஏற்றும்போது டிரெய்லரோட மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், அதை வண்டியோட இணைக்கிற கொக்கியில் விழணும். 600 கிலோன்னா 60-90 கிலோ. பின்பக்கம் கனம் கூடினா வேகத்தில் வால் ஆடும், பிரேக் அடிச்சா இன்னும் மோசம்.

பதில் 3:
பைக்கை சைடு ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டவே கூடாது. முன் சக்கரத்தைக் கட்டையில் முட்டக் கொடுத்து, ஹேண்டில் கிளாம்ப் கிட்ட இருபக்கமும் ராட்செட் பெல்ட். ஃபோர்க் (முன் சக்கர ஷாக்) பாதி அமுங்கினா போதும். முழுக்க இறுக்கினா ஆயில் சீல் போயிடும். 20 கிலோமீட்டர் போனதும் இறங்கித் திரும்ப இறுக்குங்க, பெல்ட் கண்டிப்பா தளர்ந்திருக்கும்.