கொடி எளிமையாகத்தான் இருக்க வேண்டுமா?

கோட்டோவியன்: அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 2024 மே மாதம் தன் கொடியை மாற்றியது. பழையதில் நீலத் துணியின் நடுவே அரசு முத்திரை. கம்பத்தில் ஏற்றிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாது. புதியதில் கருநீலம், வெளிர்நீலம், ஒரு வெள்ளை நட்சத்திரம், அவ்வளவுதான். குழந்தைகூட நினைவிலிருந்து வரைய முடிந்தால்தான் அது கொடி. இதை எல்லா இடத்துக்கும் விதியாக்கலாம்.

மேகலை: அப்படியானால் வேல்ஸ் கொடியிலுள்ள சிவப்பு டிராகனை எந்தக் குழந்தை வரையும்? அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலக் கொடி இன்னும் மோசம், இரண்டு பழைய குடும்பச் சின்னங்களைக் கட்டம் கட்டி ஒட்டியது. ஆனால் அங்குள்ளவர்கள் அதைக் காலுறையில்கூடப் போட்டுக்கொள்கிறார்கள்! அமெரிக்க உள்நாட்டுப் போரில் அதிலுள்ள கறுப்பு-தங்கச் சின்னம் ஒன்றியத்தின், அதாவது வடக்கின் பக்கம். சிவப்பு-வெள்ளையைத் தெற்கின் ஆதரவாளர்கள் அணிந்தார்கள். போர் முடிந்தபின் இரண்டும் ஒரே துணிக்கு வந்தன, 1904இல் சட்டமும் ஆனது. இதை எளிமையாக்கப் போனால் எந்தப் பாதியை வெட்டுவீர்கள்?

கோட்டோவியன்: விதிவிலக்கைக் காட்டி விதியை அடிக்காதீர்கள். டிராகன் தூரத்திலிருந்தே தெரியும், முத்திரை தெரியாது. கனடாவின் மேப்பிள் இலை 1965இல் வந்தபோது எவ்வளவு எதிர்ப்பு! இன்று வெளிநாடு போகிறவர்கள் அதை முதுகுப்பையில் தைத்துக்கொண்டு போகிறார்கள்.

முக்கோணம்: இரண்டு பேரும் வடிவத்தையே பிடித்துத் தொங்குகிறீர்கள். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் கொடியை 1971இல் ஹெரால்ட் தாமஸ் வரைந்தார். கறுப்பு மக்கள், சிவப்பு மண், மஞ்சள் சூரியன். எளிமைதான், ஆனால் நில உரிமைப் போராட்டங்களில் பறந்ததால்தான் மக்கள் அதைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். கூத்து என்னவென்றால், பதிப்புரிமை தனிமனிதரிடம் இருந்ததால் சட்டையில் அச்சிட அந்த மக்களே அனுமதி கேட்க வேண்டியிருந்தது. 2022இல் அரசு 2 கோடி டாலருக்கு மேல் கொடுத்து உரிமையை வாங்கிய பிறகுதான் அது தீர்ந்தது.

மேகலை: நானும் அதைத்தான் சொல்கிறேன், பழகிய கொடியை அழகு மட்டும் வென்றுவிடாது. நியூசிலாந்தில் புதிய கொடிக்காக 10,292 வடிவங்கள் வந்தன. கடைசியில் 2016 வாக்கெடுப்பில் 56.6% பேர் பழையதே போதும் என்றார்கள். இத்தனைக்கும் அதற்குப் போட்டியாக நின்ற வெள்ளிப் பெரணி இலை வடிவம் நன்றாகவே இருந்தது.

கோட்டோவியன்: நன்றாகவா? விளையாட்டு ரசிகர்கள் கழுத்தில் சுற்றும் துண்டு மாதிரி இருந்தது. சுமாரான வடிவம் தோற்றது, அவ்வளவே. சரி, முத்திரை போட்ட நீலத் துணியை யாராவது காலுறையாகப் போட்டு நீங்கள் பார்த்ததுண்டா?

மேகலை: முத்திரைக்கு நான் எங்கே வக்காலத்து வாங்கினேன்? அந்தக் குழந்தை விதியை மட்டும் கைவிடுங்கள், மற்றதில் எனக்குச் சண்டை இல்லை.

கோட்டோவியன்: கைவிட மாட்டேன்.