சொந்த லேபிள்: மிங்கஸ் வழி நமக்குச் சரிப்படுமா?

அஸ்தம்பட்டி_பேஸ்: ஏற்காட்டில் நால்வர் குழுவா வாசிச்ச 50 நிமிஷ ஜாஸ் பதிவு இருக்கு. அமெரிக்க ஜாஸ் பேஸ் (தாழ்சுருதி வாத்தியம்) கலைஞர் சார்லஸ் மிங்கஸ் மாதிரி சொந்த லேபிளில், அதாவது சொந்த இசைத்தட்டுக் கம்பெனியில், வினைல் போடலாமா?

செவ்வாய்ப்பேட்டை_தட்டு: மிங்கஸும் டிரம்மர் மேக்ஸ் ரோச்சும் 1952ல் டெபியூ லேபிளைத் தொடங்கினாங்க. 1953 மே 15, டொரண்டோ மாசி ஹால் கச்சேரி டேப்தான் அதுக்குப் பெரிய சொத்து. பேஸ் ஒலி சரியாப் பதிவாகாததால மிங்கஸ் ஸ்டுடியோவில் திரும்ப வாசிச்சு மேலே ஏத்தினார். அதில் சாக்ஸபோன் வாசிச்ச சார்லி பார்க்கர் வேற கம்பெனி ஒப்பந்தத்தில் இருந்ததால அட்டையில் அவர் பேர் 'சார்லி சான்'! டேப் கையில் இருந்தா மட்டும் போதாதுங்க. நாலு பேர்கிட்டயும் சம்மதம் எழுதி வாங்கிடுங்க.

மலைப்பாதை_33: 50 நிமிஷத்தை ஒரே தட்டில் திணிக்காதீங்க. 12 அங்குலத் தட்டு, 33⅓ வேகம்னா பக்கத்துக்கு 20 நிமிஷம்தான் சுகம். அதைத் தாண்டினா ஊசி ஓடுற பள்ள வரிகள் நெருங்கும், ஒலி அளவைக் குறைச்சுத்தான் வெட்டணும். பேஸ் இடது வலது பிரிஞ்சு கிடந்தா ஊசி குதிக்கும். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே மோனோ (ரெண்டு பக்கமும் ஒரே ஒலி) ஆக்கச் சொல்லுங்க. மாதிரித் தட்டைக் கேட்காம மொத்த ஆர்டருக்குத் தலையாட்டாதீங்க.

அஸ்தம்பட்டி_பேஸ்: அப்போ 40க்கு வெட்டிடறோம். வந்த தட்டுகளை ஏற்காட்டிலேயே வைக்கலாமா?

மலைப்பாதை_33: வேண்டாங்க, மூடுபனி ஈரத்தில் அட்டை பூஞ்சை பிடிக்கும். சேலத்திலேயே நிமிர்த்தி அடுக்குங்க. மே வெயிலில் மட்டும் காரில் விட்டுடாதீங்க, அப்பளமா வளைஞ்சிடும்.